உக்ரைனிய மொழியில் பன்மை: பாலைப் பார்க்காதீர்கள், கடைசி மெய்யைப் பாருங்கள்

கேள்வி: கைப்பேசிச் செயலி ஒன்றில் உக்ரைனிய மொழி படித்து வருகிறேன். ஒருமை ஓரளவு பிடிபட்டுவிட்டது, பன்மையில்தான் மாட்டிக்கொள்கிறேன். மேசைகளுக்கு 'ஸ்தொலி' என்கிறது, கத்திகளுக்கு 'நொஜீ' என்கிறது, ஜன்னல்களுக்கு 'வீக்னா' என்கிறது. தப்பாகப் போட்டால் சிவப்பு காட்டுகிறதே தவிர, ஏன் தப்பு என்று சொல்வதில்லை. நம் 'கள்' மாதிரி ஒரு விதி இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதானா?

பதில்: 'கள்' மாதிரி ஒரே விகுதி கிடையாது. ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியது நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. உங்களைக் குழப்புவது பெரும்பாலும் பாடப்புத்தக அட்டவணைதான். ஆண்பாலுக்கு ஒரு கட்டம், பெண்பாலுக்கு ஒரு கட்டம், இரண்டிலும் சேராத நடுப்பாலுக்கு ஒரு கட்டம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பன்மையைப் பொறுத்தவரை ஆணும் பெண்ணும் ஒரே கட்டம்தான். நடுப்பால் மட்டும் தனி.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மொழியில் இகரம் போன்ற எழுத்துகள் இரண்டு. ஒன்று, ஆங்கில 'என்' எழுத்தைத் திருப்பிப் போட்டது போல் இருக்கும். அதன் ஒலி நம் இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் நிற்கும். இன்னொன்று தலையில் புள்ளி வைத்த கோடு. அது நம் இகரமேதான். முதலாவதைக் குறிலாகவும் (கி, தி) இரண்டாவதை நெடிலாகவும் (கீ, தீ) இங்கே எழுதுகிறேன். அளவு காட்ட அல்ல, எந்த எழுத்து என்று காட்டத்தான். உங்கள் சிவப்புக் கோடுகளில் பாதி இந்த இரண்டையும் மாற்றிப் போட்டதால் வந்திருக்கும்.

இப்போது விதி. பெயர்ச்சொல்லின் கடைசி மெய்யைப் பாருங்கள். பெண்பாற் சொற்கள் பெரும்பாலும் ஆ, யா என்று முடியும். அந்த உயிரை எடுத்துவிட்டுப் பாருங்கள். மெய் வெறும் மெய்யாக இருந்தால் பன்மைக்கு 'இ'. யகரச் சாயலோடு இருந்தால் 'ஈ'. சாயல் இருப்பதை எழுத்தே காட்டிக் கொடுக்கும்: சொல் யா என்று முடியும், அல்லது கடைசியில் சின்ன ஆங்கில 'b' போன்ற மென்குறி நிற்கும், அல்லது யகர மெய்யே நிற்கும்.

ப்ராத் (சகோதரர்) ப்ராதி ஆகிறது, ஜீன்கா (பெண்) ஜீன்கி ஆகிறது. ஒன்று ஆண்பால், ஒன்று பெண்பால், விகுதி ஒன்றுதான். அதேபோல் உச்சிதெல் (ஆசிரியர்) உச்சிதெலீ, வுலித்ஸ்யா (தெரு) வுலித்ஸீ, முஸெய் (அருங்காட்சியகம்) முஸெயீ. நம்மவர்கள் ஒரு தடவை கேட்டால் மறக்காத ஜோடி ஒன்றும் உண்டு: மாமா என்றால் அம்மா, மாமி என்றால் அம்மாக்கள்.

உங்கள் 'நொஜீ' எங்கிருந்து வந்தது? ஜ, ச், ஷ், ஷ்ச் என்ற உரசொலிகளுக்கு எழுத்தில் சாயல் தெரியாவிட்டாலும் 'ஈ'தான் வரும். நீஜ் (கத்தி) நொஜீ, க்ல்யுச் (சாவி) க்ல்யுச்சீ, ஹ்ருஷா (பேரிக்காய்) ஹ்ருஷீ. ரகரம்தான் கொஞ்சம் தொல்லை. வெறும் மெய்யாகவே ஒலித்தாலும், 'ஆர்' என்று முடியும், தொழில் செய்பவரைக் குறிக்கும் பெயர்கள் பெரும்பாலும் 'ஈ' எடுக்கும்: லீகார் (மருத்துவர்) லீகாரீ, ஸெக்ரெதார் (செயலர்) ஸெக்ரெதாரீ. 'ஓர்' என்று முடிபவை ஒழுங்காக 'இ' எடுக்கும்: ஆக்தோர் (நடிகர்) ஆக்தோரி.

நடுப்பாலில் ஓ என்று முடிந்தால் ஆ: வீக்னோ வீக்னா, மீஸ்தோ (நகரம்) மீஸ்தா. ஏ என்று முடிந்தால் பெரும்பாலும் யா: மோரே (கடல்) மோர்யா. பிதான்ன்யா (கேள்வி) போல மெய் இரட்டித்து யா என்று முடிபவை பன்மையிலும் அப்படியே இருக்கும். குட்டிகள் மட்டும் கூடவே ஒரு தகரத்தை இழுத்து வரும்: கொஷென்யா (பூனைக்குட்டி), கொஷென்யாதா.

சரி, விகுதி முடிந்தது. ஆனால் மேசைக்கு ஒருமை ஸ்தீல், பன்மை ஸ்தொலி. நடுவில் இருந்த ஈ எப்படி ஒகரம் ஆனது? செயலிகள் சொல்லாமல் விடுவது இதைத்தான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியதும் இதுதான். பழைய ஒ, எ என்ற உயிர்கள், அசை மெய்யில் அடைபட்டால் ஈ ஆகிவிட்டன. ஸ்தீல் என்பது ஒரே அசை, லகர மெய் அதை மூடுகிறது, அதனால் ஈ. பன்மை விகுதி வந்ததும் ஸ்தொ-லி என்று பிரிகிறது. லகரம் அடுத்த அசைக்குப் போய்விட, முதல் அசை திறந்துகொள்கிறது, பழைய ஒகரம் திரும்பி வருகிறது. கீத் (பூனை) கொதி, நீச் (இரவு) நொச்சீ, ரீச் (பொருள்) ரெச்சீ எல்லாம் இதே கதை. ஊர்ப்பெயரும் தப்புவதில்லை: ஊர் ல்வீவ், ஆனால் 'ல்வீவில்' என்று சொல்ல 'உ ல்வோவீ'.

இப்போது மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடுங்கள். ஸ்தீலெத்ஸ், பன்மையில் ஸ்தீல்த்ஸீ. இங்கே ஈ ஏன் மாறவில்லை? கடைசி அசையில் இருந்த எகரம் பன்மையில் விழுந்துவிட்டது. அதனால் ஸ்தீல்-த்ஸீ என்று பிரிகிறது. முதல் அசையை இங்கே லகரம் மூடுகிறது. மேசையையும் நாற்காலியையும் புரிந்துகொண்டால் இந்த மொழியின் உயிர் மாற்றம் பெரும்பகுதி கையில் வந்துவிடும். இப்படி உயிர் விழுவதும் அடிக்கடி நடப்பதுதான்: புதினோக் (கட்டடம்) புதின்கி, உக்ராயீனெத்ஸ் (உக்ரைனியர்) உக்ராயீன்த்ஸீ, தென் (நாள்) த்னீ.

இதையெல்லாம் சரியாக எழுதிவிட்டுப் பேசும்போது தவறுவது அழுத்தத்தில். எந்த அசையை அழுத்துகிறோம் என்பது பன்மையில் இடம் மாறலாம். வீக்னோவில் கடைசி அசை அழுந்தும், வீக்னாவில் முதல் அசை. ஜீன்கா நேர்மாறு, பன்மையில் அழுத்தம் கடைசிக்குப் போகிறது. இது வெறும் அழகுக்காக இல்லை. ருகா என்றால் கை. ருகி என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'கைகள்', கடைசியை அழுத்தினால் 'கையின்'. இதற்கு நம்பகமான குறுக்கு வழி கிடையாது. புதுச் சொல்லை எழுதும்போதே பன்மையையும் சேர்த்து எழுதி, அழுத்தக் குறியும் போட்டுவிடுங்கள்.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை சில உண்டு. நல்ல வேளையாக, தினமும் காதில் விழும் சொற்களே அவை. ல்யுதினா (மனிதர்) ல்யுதி, திதினா (குழந்தை) தீதி, த்ருஹ் (நண்பர்) த்ருஸீ, ஓகோ (கண்) ஓச்சீ, ஈம்யா (பெயர்) ஈமெனா. பன்மை மட்டுமே உள்ளவையும் இருக்கின்றன. த்வெரீ என்பது ஒரு கதவுதான், இலக்கணத்தில் பன்மை. ஹ்ரோஷீ (பணம்), ஒகுல்யாரி (மூக்குக்கண்ணாடி) இந்த ரகம். ஊர்களிலும் உண்டு: இந்திய மாணவர்கள் மருத்துவம் படிக்கப் போன சுமி, செர்னீவ்த்ஸீ இரண்டும் பன்மைப் பெயர்கள். கடைசி எழுத்தைப் பாருங்கள், நம் இகரமும் ஈகாரமும் ஆளுக்கு ஒன்றாக நிற்கும்.

மெட்ரோ, காஃபே, டாக்ஸி போன்ற வெளிநாட்டுச் சொற்கள் மாறவே மாறா. அப்போது ஒன்றா பலவா என்பதை அடைமொழி சொல்லிவிடும். நொவே காஃபே புது காஃபே, நொவீ காஃபே புது காஃபேக்கள். அடைமொழிக்குப் பன்மையில் பால் வேறுபாடே இல்லை, எல்லாவற்றுக்கும் 'ஈ'தான்: நொவீ ஸ்தொலி, நொவீ வீக்னா. பெயர்ச்சொல் விகுதியில் சந்தேகம் வந்தால் அடைமொழியையாவது தெளிவாகச் சொல்லுங்கள், கேட்பவர் புரிந்துகொள்வார்.

ரஷ்யம் கொஞ்சம் தெரியும் என்றால் ஒரு எச்சரிக்கை. ரஷ்யத்தில் ஆசிரியர்களுக்கு 'யா' விகுதி வரும், உக்ரைனியத்தில் உச்சிதெலீ. ரஷ்யத்தில் 2, 3, 4 என்ற எண்களுக்குப் பின் ஒருமையின் 'உடைய' வேற்றுமை வரும். உக்ரைனியத்தில் நீங்கள் இப்போது கற்ற பன்மையே வரும். த்வா ஸ்தொலி, இரண்டு மேசை. எண்ணுக்குப் பின்னால் 'கள்' போடாமலே 'ரெண்டு மேசை' என்று சொல்லிப் பழகிய நாக்கு இங்கே ஒருமையை எடுக்கப் பார்க்கும், கவனம். 5 முதல் இந்தப் பன்மையும் செல்லாது, பன்மையின் 'உடைய' வேற்றுமைக்குத் தாவிவிடும்: ப்யாத் ஸ்தொலீவ். அது தனிப் பாடம். இப்போதைக்கு நாணயத்தின் பெயரை வைத்து மட்டும் பழகுங்கள். 1 என்றால் ஹ்ரிவ்ன்யா, 2, 3, 4 என்றால் ஹ்ரிவ்னீ, 5 முதல் 20 வரை ஹ்ரிவென். 21 வந்ததும் மறுபடி ஒருமை ஹ்ரிவ்ன்யா, 22க்கு ஹ்ரிவ்னீ, 25க்கு ஹ்ரிவென். கடைசி இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். 11, 12, 13, 14 மட்டும் அதற்கு அடங்காது. 111 ஆனாலும் 112 ஆனாலும் ஹ்ரிவென்தான்.