பங்களாப் பேய்க்கு ஊட்டிக்காரர்கள் பயப்படுவதில்லை

கேள்வி: குறைந்த செலவில் எடுத்த பழைய திகில் படங்களும், அந்தக் காலத்து டிவி மர்மத் தொடர்களும் இன்றைக்கும் சிலரைக் கட்டிப்போடுகின்றனவே, அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

காது என்பதுதான் என் பதில். பேயைக் காட்டக் காசில்லாதவர்கள் அது வரும் சத்தத்தை மட்டும் கேட்கவைத்தார்கள். மிச்சத்தைப் பார்க்கிறவரே சேர்த்துக்கொண்டார். அப்படிச் சேர்த்துக்கொள்வது ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் அது பழசாவதில்லை.

நான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு நான் வளர்ந்த இடமும் ஒரு காரணம். ஊட்டி இந்து நகர். அப்பா இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தார். 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம் அது. எக்ஸ்ரே ஃபிலிம், கருப்பு வெள்ளை போட்டோத் தாள், சினிமாவுக்கான கருப்பு வெள்ளை ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்துதான் போயின. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்று மலைமேல் கட்டிய தொழிற்சாலை. ஃபிலிமில் மருந்து பூசுகிற பிரிவில் வெளிச்சம் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் சுவரில் கை வைத்துக்கொண்டே நடப்பார்களாம், எதிரில் வருகிறவர் மோதிவிடாமல் இருக்க வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டே போவார்களாம். "போகப் போக செருப்புச் சத்தத்துலயே யார் வர்றாங்கன்னு சொல்லிடுவோம் பாப்பா" என்பார் அப்பா.

பல வருஷம் கழித்து 'கேட் பீப்பிள்' என்ற 1942-ஆம் வருஷத்து அமெரிக்கப் படத்தைப் பார்த்தபோது அப்பாவின் அந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளருக்கு ஒரு படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. படத்தின் தலைப்பைக்கூட நிறுவனமே முடிவு செய்து கொடுத்துவிடும். பெண் ஒருத்தி கருஞ்சிறுத்தையாக மாறுகிறாள் என்பது கதை. மாறுவதைக் காட்டும் வசதி கிடையாது. லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் என்ன செய்தார்கள் தெரியுமா? இரவில் பூங்கா ஓரமாக ஒரு பெண் நடக்கிறாள். அவளுடைய குதிகால் செருப்புச் சத்தம். பின்னால் இன்னொரு ஜோடிச் செருப்புச் சத்தம். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். அந்த நிசப்தத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சீறலோடு ஏதோ பாய்ந்து வருகிறது, பார்த்தால் பஸ். அந்தச் சீறல் அதன் பிரேக் சத்தம். இன்று ஒவ்வொரு திகில் படத்திலும் வருகிற திடுக்கிடலுக்கு இதுதான் மூலம். ஆனால் இன்று திடுக்கிடலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் நடந்த அந்த நீண்ட நடையை விட்டுவிடுகிறார்கள்.

இதே படத்தில் வேறொரு படத்துக்காகப் போட்ட மாடிப்படி செட்டையே மறுபடி பயன்படுத்தினார்கள். பழைய செட் என்று தெரியக் கூடாதல்லவா, அதனால் நிழலைக் கூட்டினார்கள். செலவை மறைக்கப் போட்ட இருட்டே படத்தின் அழகாகிவிட்டது.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த முறை நன்றாகப் புரியும். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் வர ராத்திரி முழுக்க ஆகலாம். மூடுபனி இறங்கினால் வாசல் கேட் தெரியாது. கண் உதவாத நேரம் எங்களுக்கு நிறைய. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) காய் தகரக் கூரையில் விழுந்து உருளும் சத்தம், கேழையாடு என்கிற சின்ன மான் குரைப்பது, தோட்டத்தில் காட்டெருமை மூச்சு விடுவது என்று ஒவ்வொன்றையும் பார்ப்பதற்கு முன்னால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். எந்தச் சத்தம் பழகியது, எது புதுசு என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல பழைய திகில் படம் அந்தக் கணக்கைத்தான் கலைக்கிறது.

1989-ல் தூர்தர்ஷனில் 'கிலே கா ரகஸ்ய' என்று ஓர் இந்தித் தொடர் வந்தது. கோட்டை, காணாமல் போகிறவர்கள், மர்மம். எங்கள் குவார்ட்டர்ஸில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் டிவி இருந்த வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வசனம் புரியாததால் குரலின் ஏற்ற இறக்கத்தையும் கதவுச் சத்தத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு பயந்தோம். கதை என்ன என்று ஆளுக்கொரு விதமாக மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொன்னோம்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சினிமாக்காரர்களுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்றாலே வெள்ளைக்காரன் கட்டிய பங்களா, அதற்குள் ஓர் ஆவி. 2002-ல் வந்த 'ராஸ்' என்ற இந்திப் படம் வரை இந்த மலையைத் தேடித்தான் வந்தார்கள். எங்களுக்கு அந்தப் பங்களாக்கள் வேலைக்குப் போகிற இடம். என் பெரியம்மா குன்னூரில் ஒரு பங்களாவில் வெகுகாலம் சமையல் செய்தார். இரவில் தனியாகவே இருப்பார். பயமாக இல்லையா என்று கேட்டால், "அந்த வீட்டுல என்னடி பயம்? மழைக்கு ஒழுகாம இருந்தாப் போதும்" என்பார். மரத்தரை கிறீச்சிடுவது எந்தப் பலகையால் என்று அவருக்குத் தெரியும்.

படப்பிடிப்பு நடக்கும்போது இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். பனி தானாகவே இருக்கிற ஊரில் சாம்பிராணிப் புகை போட்டுக்கொண்டிருப்பார்கள். காரணம் கேட்டதற்கு அங்கே வேலை செய்த ஒரு லைட்மேன் அண்ணன் சொன்னார்: உண்மையான பனி ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் கலைந்துவிடும், சேர்த்துப் பார்த்தால் பொருந்தாது, புகை என்றால் நாம் சொன்னபடி நிற்கும்.

அப்படியானால் எங்களை எது பயமுறுத்தியது? சமவெளிதான். தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் டிவியில் 'மர்மதேசம்' வந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். அதிலும் 'விடாது கருப்பு' என்ற கதை. அதில் பனி கிடையாது, பங்களா கிடையாது. வெயில் கொளுத்துகிற கிராமம், கருப்பசாமி, வெள்ளைக் குதிரை, அரிவாள். தப்பு செய்தவரைக் கருப்பு கொல்கிறதா, கருப்பின் பெயரில் மனிதர் யாரோ கொல்கிறார்களா என்ற ஒரே கேள்வியை வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனார்கள். தனிக் காட்டில், வெட்டவெளியில், பட்டப்பகலில் பயம் வரும் என்பதே எனக்குப் புதுசு.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் அத்தை அப்போது வந்து தங்கியிருந்தார். டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார், எழுந்து போகவும் மாட்டார். நான் மறுநாள் காலையில் கதையைப் பேசினால், "விளக்கு வச்ச நேரமா இருந்தாலும் சரி, விடிஞ்ச நேரமா இருந்தாலும் சரி, அந்தப் பேரைச் சும்மா சொல்லாதடி" என்று அதட்டுவார். அவருக்கு அது தொடரே இல்லை. ஊரில் பங்காளிகளோடு சேர்ந்து படையல் போடுகிற சாமி. இங்கேதான் அந்தத் தொடரின் சாமர்த்தியம் இருக்கிறது. கருப்பை உருவாக்க ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. பார்க்கிறவர் வீட்டிலேயே கருப்பு இருந்தது. குதிரைக் குளம்புச் சத்தம் ஒன்று போதும், அத்தையின் தோள் இறுகிவிடும். எத்தனை கோடி கொட்டினாலும் கணினியில் வரைந்த உருவத்துக்கு அந்த வேர் கிடைக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாரம் ஒரு முறைதான் என்பதும் பெரிய பலம். இப்போது ஒரே இரவில் மொத்தத் தொடரையும் பார்த்து முடிக்கிறோம், சந்தேகம் ஊறுவதற்கு நேரமே இல்லை. அன்றைக்கு ஒரு வாரம் முழுக்க வகுப்பில் சண்டை: இவன்தான், இல்லை அவள்தான், இல்லை சாமியேதான்.

டிவியின் கைச்சுருக்கம் வெளிநாட்டிலும் இப்படி நன்மை செய்திருக்கிறது. ராட் செர்லிங்கின் 'ட்விலைட் ஸோன்' என்ற அமெரிக்க மர்மத் தொடர் 1959 முதல் 1964 வரை 156 பகுதிகள் வந்தது, எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் பழைய படங்களுக்காகச் செய்துவைத்திருந்த செட்டும் சாமானும் அதில் அடிக்கடி தலைகாட்டும். செலவைக் குறைக்க ஆறு பகுதிகளை ஃபிலிமில் எடுக்காமல் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். ஹிட்ச்காக் 1960-ல் 'சைக்கோ'வை எடுத்தபோது தன் டிவி தொடரில் வேலை செய்த ஆட்களையே வைத்துக்கொண்டு சுமார் எட்டு லட்சம் டாலரில் முடித்தார். கருப்பு வெள்ளை என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பே போதுமாக இருந்தது.

தமிழில் இந்த வழியைத் திறந்தவர் எஸ். பாலசந்தர். வீணை வித்வான் என்றுதான் பலருக்குத் தெரியும். 1954-ல் ஏவி.எம்.முக்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டு இருந்தே ஆக வேண்டும் என்றிருந்த காலத்தில் அது எவ்வளவு துணிச்சல்! ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் படம் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறார்கள். 1964-ல் 'பொம்மை': ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு, பொம்மை கை மாறிக்கொண்டே போகிறது. கடைசியில் படத்தில் வேலை செய்தவர்களையெல்லாம் திரையில் நிறுத்தி அறிமுகப்படுத்துவார், அதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மனசு நிறையும். 1970-ல் வந்த 'நடு இரவில்' ஒரே பெரிய வீட்டுக்குள் நடக்கிறது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சங்கீதக்காரர் என்பதால்தானோ என்னவோ, எங்கே சத்தம் வேண்டும் என்பதைவிட எங்கே வேண்டாம் என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

எங்கள் ஊரை ஒழுங்காகக் காட்டிய திகில் படம் என்று கேட்டால் 'மூடுபனி'யைத்தான் சொல்வேன். 1980, பாலு மகேந்திரா இயக்கம், இளையராஜா இசையமைத்த நூறாவது படம். கதாநாயகியைக் கடத்திக்கொண்டு ஊட்டிக்கு வருகிறான் பிரதாப் போத்தன். அங்கே ஆவி இல்லை, அலறல் இல்லை. ஜன்னலில் வருகிற வெளிச்சத்தை வைத்தே எடுத்திருப்பதால் அறைக்குள் உண்மையான ஊட்டிச் சாயங்காலம் தெரியும். அந்தச் சாம்பல் நிறத்தை விளக்குப் போட்டுக் கொண்டுவர முடியாது. கையில் கிட்டார் வைத்துக்கொண்டு அவன் அமைதியாகப் பாடும்போதுதான் எனக்கு அதிகம் பயம் வருகிறது.

எல்லாவற்றையும் புகழவில்லை. எண்பதுகளில் வந்த சின்ன முதலீட்டுத் திகில் படங்கள் பலவற்றில் ஒட்டாத நகைச்சுவையும் தேவையில்லாத பாட்டும் பெண்கள்மேல் அளவுக்கு மீறிய வன்முறையும் இருக்கின்றன. அவற்றை ரசிக்க என்னால் முடியவில்லை. மணிவண்ணனின் 'நூறாவது நாள்' (1984) போன்ற ஒன்றிரண்டு தப்பிக்கின்றன. அங்கேயும் நினைவில் நிற்பது சத்யராஜின் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியும்தான். அதற்கு ஆன செலவு ஒரு நாவிதரும் ஒரு கண்ணாடியும்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் 'அந்த நாள்', பிறகு 'கேட் பீப்பிள்', அதன்பின் 'மூடுபனி'. செல்போன் திரையில் ஓரக்கண்ணால் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. விளக்கை அணைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய ஒலியில் இரைச்சல் இருக்கும், அதைச் சுத்தம் செய்த பதிப்புதான் வேண்டும் என்று தேடாதீர்கள். சில பதிப்புகளில் இரைச்சலோடு சேர்த்துக் காலடிச் சத்தத்தையும் துடைத்துவிடுகிறார்கள். 'விடாது கருப்பு' பார்ப்பதானால் வாரத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், யார் கொலைகாரர் என்று சண்டை போட ஆள் வேண்டும்.