பச்சை விளக்கு 7 முறை சிமிட்டுகிறதே!

கேள்வி: ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற சின்னக் கணினி போர்டில் போடுவதற்காக அதன் இயங்குதளமான ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 64 பிட் பதிப்பை மெமரி கார்டில் எழுதினேன். திரையில் எதுவும் வரவில்லை. பச்சை விளக்கு 7 முறை சிமிட்டி, சற்று நின்று, மறுபடி சிமிட்டுகிறது. கார்டை 3 முறை அழித்து எழுதியும் இதே கதைதான். போர்டு போய்விட்டதா?

பதில்: இல்லை, போர்டு நன்றாகவே இருக்கிறது. சிமிட்டலை எண்ணி எழுதினீர்கள் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. நான் ஒருமுறை அப்படி எண்ணாமல் கேபிள், அடாப்டர், கார்டு என்று ஒவ்வொன்றாக மாற்றி 2 நாள் மாலையைத் தொலைத்தேன். மூன்றாம் நாள் எண்ணியபோது 4 வந்தது. கார்டில் போர்டைத் தொடக்கிவைக்கும் ஸ்டார்ட்.எல்ஃப் கோப்பு சரியாக எழுதப்படவில்லை என்று அர்த்தம். அங்கே மறுபடி எழுதினால் பலன் உண்டு.

உங்களுக்கு வருவது 7. கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கோப்பு கிடைக்கவில்லை என்கிறது போர்டு. அதாவது கார்டைப் படித்து, பூட்கோட்.பின், ஸ்டார்ட்.எல்ஃப் என்ற இரண்டு தொடக்கக் கோப்புகளையும் தாண்டி வந்துவிட்டது. கார்டின் மேல் பழி போடாதீர்கள். ஜீரோ டபிள்யூவில் இருப்பது ஏஆர்எம்வி6 வகை 32 பிட் சிப். நீங்கள் எழுதிய 64 பிட் ஓஎஸ்ஸில் அதற்கேற்ற கர்னல் இல்லை; 64 பிட் கர்னல் அதில் ஓடவே ஓடாது. 2021இல் வந்த ஜீரோ 2 டபிள்யூவில் ஓடும். இரண்டும் ஒரே அளவு, பெயரும் ஏறக்குறைய ஒன்று. பலரும் குழம்பும் இடம் இது.

கார்டில் ஓஎஸ்ஸை எழுதும் இமேஜர் மென்பொருளில் முதலில் உங்கள் போர்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டெஸ்க்டாப் இல்லாத 32 பிட் லைட் பதிப்பை எடுங்கள். 512 எம்பி நினைவகத்துக்கு அதுவே போதும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். பழைய 'பை' கணக்கு 2022 ஏப்ரலிலிருந்து தானாக வருவதில்லை. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸாக இருக்கட்டும், இந்தப் போர்டுக்கு 5 தெரியாது. முதல் பூட் சில நிமிடம் பிடிக்கும்; அவசரப்பட்டு மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள்.

அப்புறமும் திரை இருட்டாக இருந்தால் கார்டிலுள்ள கான்ஃபிக்.டிஎக்ஸ்டி என்ற அமைப்புக் கோப்பில் எனேபிள்_யுஏஆர்டி=1 என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து, போர்டின் செய்திகளை வேறொரு கணினியில் வரிவரியாகக் காட்டும் சீரியல் கேபிளை இணையுங்கள். 6ஆம் பின் கிரவுண்ட், 8 போர்டு அனுப்புவது, 10 போர்டு பெறுவது, வேகம் 115200. கேபிள் 3.3 வோல்ட் வகைதானா என்று இருமுறை பாருங்கள். 5 வோல்ட் போனால் போர்டு உண்மையிலேயே போய்விடும். கடைசியாக எந்த வரியில் நிற்கிறது என்று எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து பார்ப்போம்.