கை தானாகச் சரியாகிவிட்டது, அதனால்தான் இன்றே கிளம்பச் சொல்கிறேன்

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. எட்டு வருடமாக பிபி இருக்கிறது, மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லையென்றால் விட்டுவிடுவார். சிகரெட்டும் உண்டு. நேற்றுக் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. என்ன ஆச்சு என்று கேட்டால் வாய் குழறியது, ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை வரவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பக்கத்து மருந்துக் கடையில் பிபி பார்த்ததில் 180/100. பித்தம், வெயில் என்கிறார் பாட்டி. பிபி மாத்திரையை இரண்டாகப் போடச் சொல்கிறார் மாமா. அப்பாவோ "எனக்கு ஒண்ணுமில்ல" என்று மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். இது ஸ்ட்ரோக்தானா? ஸ்ட்ரோக் என்றால் எப்படித் தானாகச் சரியாகும்? அப்பாவை வாட்ஸ்அப்பில் வருவதுபோல விரல் நுனியில் ஊசியால் குத்தலாமா?

பதில்: முதலில் அப்பாவை இன்றே, 24 மணி நேரமும் சிடி ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார், நாளைக்கு நாள் நல்லாயில்லை என்றெல்லாம் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கேயே போகலாம். மீதியை வண்டியில் போகும்போது படித்துக்கொள்ளுங்கள்.

நேற்று நடந்தது பித்தமும் இல்லை, வெயிலும் இல்லை. வலது கையும் பேச்சும் ஒரே நேரத்தில் போயின என்றால் பிரச்சினை எங்கே என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடுகிறது. உடம்பின் வலப்பக்கத்தை ஆள்வது மூளையின் இடது பாதி, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான் இருக்கிறது. கழுத்தின் இடப்பக்கம் மேலே ஏறும் கரோடிட் தமனி, அதிலிருந்து பிரியும் நடுமூளைத் தமனி, இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் கால் மணி நேரம் ரத்தம் தடைபட்டிருக்க வேண்டும். டாக்டர்கள் இதை டிஐஏ என்பார்கள், வெளியே மினி ஸ்ட்ரோக் என்கிறார்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினாலோ வலிப்பு வந்தாலோகூட இதே மாதிரி தெரியலாம்தான், ஆனால் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதும் மருத்துவமனைதான், வீட்டுத் திண்ணை இல்லை.

தானாக எப்படிச் சரியாகும் என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. மூளையின் எடை உடம்பு எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் வேண்டும். இத்தனை செலவு வைத்துக்கொண்டு சேமிப்பு என்று கையில் ஏதும் கிடையாது. தசைக்கும் கல்லீரலுக்கும் இருப்பதுபோல நல்ல சர்க்கரை இருப்பு மூளைக்கு இல்லை, அன்றாடம் வந்தால்தான் அன்றாடம். அதனால்தான் இதயம் நின்றால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் நினைவு போய்விடுகிறது, நாலைந்து நிமிடத்தில் மூளைக்கு மீளாத சேதம் தொடங்கிவிடுகிறது.

ஆனால் ஸ்ட்ரோக்கில் முழு மூளைக்கும் ரத்தம் நிற்பதில்லை. ஒரு தமனியின் எல்லைக்குள் மட்டும் குறைகிறது, அங்கேயும் அக்கம்பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் கசிந்து வந்துகொண்டிருக்கும். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 50 மில்லி ரத்தம் போக வேண்டும். அது ஏறத்தாழ 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடும், கை விழும், பேச்சு போகும், ஆனால் செல் இன்னும் சாகவில்லை. 10-க்குக் கீழே போகும்போதுதான் விபரீதம். சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் நின்று, சோடியத்தோடு தண்ணீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது, குளுட்டமேட் என்ற ரசாயனம் கட்டுப்பாடில்லாமல் கொட்டி, கால்சியம் உள்ளே பாய்ந்து, அதன் பிறகு அந்தச் செல் திரும்பி வராது. இந்த இரண்டு அளவுக்கும் நடுவில், உயிரோடு ஆனால் செயலற்று, மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும் பகுதிக்குப் பெனம்ப்ரா என்று பெயர். ஸ்ட்ரோக் அவசர சிகிச்சை முழுவதும் இந்தப் பகுதியைக் காப்பாற்றத்தான். பெரிய தமனி ஒன்று அடைத்துச் சிகிச்சை இல்லாமல் இருந்தால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று 2006-ல் ஒரு கணக்குப் போட்டார்கள்.

உங்கள் அப்பாவுக்குத் தமனியை அடைத்த ரத்தக் கட்டி தானாகக் கரைந்தோ உடைந்து நகர்ந்தோ போயிருக்கும். ரத்தத்திலேயே கட்டியைக் கரைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது போக மூளையின் அடியில் இடதும் வலதும், முன்னும் பின்னும் வரும் தமனிகள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன, ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கத்து ரத்தம் இந்த வளையம் வழியாக வரலாம். 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் இதை விவரித்து எழுதினார், அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் பிற்பாடு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். (சும்மா சொன்னேன், எனக்கு இந்தச் சங்கதி பிடிக்கும்.) ஆனால் இந்த வளையம் எல்லோருக்கும் முழுசாக அமைவதில்லை. பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு துண்டு மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். ஒரே மாதிரி அடைப்பு வந்த இரண்டு பேரில் ஒருவர் நடந்து வீட்டுக்குப் போவதும் இன்னொருவர் படுத்த படுக்கையாவதும் ஓரளவு இதனால்தான்.

ஆக நேற்று உங்கள் அப்பா தப்பித்தார், அவ்வளவுதான். கட்டியை அனுப்பிய இடம் அப்படியே இருக்கிறது. அது கரோடிட் தமனியில் படிந்த கொழுப்பாக இருக்கலாம், தாறுமாறாகத் துடிக்கும் இதயமாக இருக்கலாம். அங்கிருந்து அடுத்தது எப்போது வேண்டுமானாலும் கிளம்பும். டிஐஏ வந்தவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழு ஸ்ட்ரோக் வந்ததைப் பழைய ஆய்வுகள் காட்டின, அதில் பாதி முதல் இரண்டு நாளுக்குள். உங்கள் அப்பாவுக்கு அந்த இரண்டு நாளில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. நல்ல செய்தியும் உண்டு: உடனே பரிசோதித்து உடனே மருந்து தொடங்கியதில் இந்த ஆபத்து 80 சதவீதம் குறைந்ததாக 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வு காட்டியது. புது மருந்து எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை, இருக்கிற மருந்தையே சீக்கிரம் கொடுத்தார்கள்.

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து கேட்காதீர்கள். சாதாரணமாக பிபி கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக் குழாய்கள் சுருங்கியும் விரிந்தும் ரத்த ஓட்டத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். பல வருடம் பிபியோடு இருந்தவருக்கு இந்த ஏற்பாடே உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிவிட்டிருக்கும், நமக்குச் சரியாகத் தெரியும் 120/80 திடீரென்று வந்தால் அவருடைய மூளைக்குப் போதாமல் போகலாம். அதோடு கழுத்துத் தமனி சுருங்கியும் இருந்தால் அதற்கப்பால் உள்ள குழாய்கள் ஏற்கெனவே முழுக்க விரிந்து நிற்கும், இனி விரிய இடமில்லை. அப்போது அழுத்தம் குறைந்தால், ஆற்றில் தண்ணீர் குறையும்போது கடைமடை வயல் முதலில் காய்வதைப்போல, இரண்டு தமனிகளின் எல்லைகள் சந்திக்கும் பகுதி முதலில் அடிவாங்கும். அடைப்பால் வந்த ஸ்ட்ரோக்கில் முதல் நாளில், கட்டி கரைக்கும் மருந்து போடாதவர்களுக்கு, 220/120 வரைகூட நாங்கள் பெரும்பாலும் அவசரப்பட்டு இறக்குவதில்லை. அப்பாவின் வழக்கமான மாத்திரை வழக்கமான அளவில் போதும், கூட்டுவதா குறைப்பதா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். இதைச் சாக்காக வைத்து அப்பா மாத்திரையை விட்டுவிடக் கூடாது, அவரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்ததே விட்டுவிட்டுப் போட்ட மாத்திரையும் சிகரெட்டும்தான் என்பது என் கணிப்பு.

மருத்துவமனையில் சர்க்கரை, இசிஜி, சிடி பார்ப்பார்கள், முடிந்தால் எம்ஆர்ஐ. முழுசாகச் சரியாகிவிட்டவர்களிலும் கணிசமானவர்களுக்கு எம்ஆர்ஐயில் ஒரு சின்னப் புள்ளியாவது தெரியும். எம்ஆர்ஐயை விட நீங்கள் விடாமல் கேட்க வேண்டியது கழுத்துத் தமனியில் சுருக்கம் இருக்கிறதா என்று காட்டும் டாப்ளர் அல்லது சிடி ஆஞ்சியோ ஸ்கேன். இடப்பக்கத் தமனியில் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தால் அறுவை சிகிச்சையால் நல்ல பலன் உண்டு, அதுவும் இரண்டு வாரத்துக்குள் செய்தால். இசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாறுமாறாகத் துடிப்பது, தெரிந்தால் மருந்தே வேறு. இவை இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து மூன்று வாரம், பிறகு ஏதாவது ஒன்று மட்டும், கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின். ஆஸ்பிரின்தானே என்று நீங்களாக வீட்டில் கொடுக்க வேண்டாம், மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் அது கெடுதல், கசிவா அடைப்பா என்பது வெளியிலிருந்து பார்த்தால் எனக்கும் தெரியாது.

விரல் நுனியில் ஊசி குத்துவது வெறும் கதை. நாலு சொட்டு ரத்தம் வெளியே வந்து மூளைத் தமனி திறக்காது. புறா ரத்தம் தடவுவதும் அப்படித்தான், புறாவுக்கும் பாவம். இவற்றால் நேரடிக் கெடுதலை விட, குத்திவிட்டோமே என்று உட்கார்ந்து காத்திருப்பதால் போகும் நேரம்தான் பெரிய கெடுதல்.

அப்பா வர மறுத்தால் சண்டை போடாதீர்கள். "கை போனால் சட்டைப் பொத்தான் போட்டுவிட இன்னொருத்தர் வேணும், அதுக்கு இன்னிக்கு ஒரு ஸ்கேன் தேவலை" என்று நேராகச் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில், பிடிவாதக்காரர்களுக்குச் சாவைப் பற்றிய பயத்தை விட அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் பயம் அதிகம்.

போகும் வழியிலோ பிறகோ மறுபடி வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கை தானாக இறங்கினால், பேச்சு குழறினால், திடீரென்று ஒரு கண் இருட்டினால், பத்து நிமிடம் பார்ப்போம் என்று நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துவையுங்கள், கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கணக்கு அந்த நிமிடத்திலிருந்துதான். பெரிய தமனியில் அடைப்பு என்றால் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையை, டாக்டர்கள் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரை செய்கிறார்கள், ஆனால் அதை நம்பித் தாமதிக்காதீர்கள். அந்த நேரத்தில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது, விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அப்பா போடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பேர் ஞாபகமில்லை என்று அங்கே போய் நிற்க வேண்டியிருக்காது.