யாருக்குத் தெரியாத பாட்டு?

கேள்வி: யோகோஹாமாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் அடிக்கடி கரோக்கேவுக்கு அழைக்கிறார்கள். 'பிளாஸ்டிக் லவ்', 'மயோனகா நோ டோவா' எல்லாம் இப்போது எல்லா வெளிநாட்டுக்காரர்களும் பாடித் தீர்த்துவிட்டார்கள். ஜப்பானியர்களே கேட்டிராத, அவர்களை அசத்துகிற மாதிரி நாலு அபூர்வப் பாட்டு சொல்லுங்களேன். (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: ஜப்பானியர்களே கேட்டிராத பாட்டை அவர்கள் முன்னால் பாடி யாரை அசத்தப் போகிறீர்கள்? முதல் சரணம் வரை மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அப்புறம் ஒருவர் பாட்டுத் தேடும் டென்மோகு கருவியைக் கையில் எடுப்பார். இன்னொருவர் பீர் சொல்ல எழுந்து போவார். நீங்கள் கண்ணை மூடி உருகிக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு பாட்டும் நல்ல பாட்டுகள்தான். 'மயோனகா நோ டோவா' மிகி மட்சுபாரா 1979-ல் பாடியது, 'பிளாஸ்டிக் லவ்' மரியா தகேவுச்சி 1984-ல் பாடியது. யூடியூப் புண்ணியத்தில் உலகம் சுற்றின. ஆனால் இரண்டும் ஐந்து நிமிடத்தை ஒட்டி ஓடும், ஹெட்போனில் கேட்க வேண்டிய சமாச்சாரம். இடையிசை வரும்போது மைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பீர்கள். கரோக்கே அறைக்கு வேண்டியது நேர் எதிரானது: உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டிராத, ஆனால் அந்த அறையில் மேலாளர் முதல் புதிதாகச் சேர்ந்த பையன் வரை கூடப் பாடக்கூடிய பாட்டு. ஜப்பானின் எல்லையைத் தாண்டாமலே இருந்துவிட்ட அப்படிப்பட்ட பாட்டுகள் ஏராளம்.

கரோக்கே பிறந்த கதையே இதைத்தான் சொல்கிறது. கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட, பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர் தைசுகே இனோவே. ஒரு கம்பெனி முதலாளி தன்னோடு பயணம் வரச்சொல்லிக் கேட்டபோது, வர முடியாது என்று முதலாளியின் குரலுக்கு ஏற்ற இசையை டேப்பில் பதிந்து கொடுத்துவிட்டார். அதிலிருந்து 1971-ல் வந்தது இனோவேயின் இயந்திரம். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை என்பது தனிச் சோகம். பாடத் தெரியாதவர் நாலு பேர் நடுவில் தைரியமாகப் பாடுவதற்காகச் செய்த பொருளை ரசனைப் போட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது.

சரி, பாட்டுக்கு வருவோம். என் முதல் ஓட்டு 1961-ல் வந்த 'சூடாரா புஷி'க்கு. ஹிதோஷி உவேகி பாடியது. ஒரே ஒரு கோப்பை என்று ஆரம்பித்து, கண் விழிக்கும்போது ரயில் நிலைய பெஞ்சில் கிடக்கும் சம்பளக்காரனின் கதை. அடுத்த சரணத்தில் போனஸைக் குதிரைப் பந்தயத்தில் விடுகிறான். தப்பு என்று தெரிகிறது, விட முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அர்த்தமே இல்லாத 'சூய் சூய்' ஓசைகளில் சறுக்கிக்கொண்டு போகிறது பல்லவி. ஜப்பானியம் ஒரு வார்த்தை தெரியாதவரும் பல்லவியைப் பிடித்துக்கொள்ளலாம். உவேகி நிஜத்தில் குடிக்காத, கண்டிப்பான மனிதர். பௌத்த குருவின் மகன். இதைப் பாடுவதா என்று தயங்கி அப்பாவிடம் கேட்டபோது, தெரிந்தும் விட முடியாமை என்பது நம் பௌத்தப் பிரிவின் நிறுவனர் ஷின்ரான் அடிகள் சொன்ன மனித இயல்புதானே, தாராளமாகப் பாடு என்றாராம் அவர். எழுதிய யுகியோ அவோஷிமா 1995-ல் டோக்கியோவின் ஆளுநராகவே ஆகிவிட்டார். கைகளை ஆட்டிக்கொண்டு பாட வேண்டும். கூச்சம் இருந்தால் இதைத் தொடாதீர்கள்.

ஃபிங்கர் ஃபைவின் 'ககுஎன் தெங்கோகு' 1974-ல் வந்தது. ஒகினாவாவைச் சேர்ந்த உடன்பிறப்புகள். வகுப்பில் இடம் மாற்றி உட்காரவைக்கும் நாளில் அழகான பெண்ணின் பக்கத்து இடம் கிடைக்குமா என்ற தவிப்புதான் மொத்தப் பாட்டும். தொடக்கத்தில் நீங்கள் 'ஹேய்' என்று கத்தினால் அறை திருப்பிக் கத்தும். குரல் உடையாத பையன் பாடியது என்பதால் சுருதியை நன்றாக இறக்கிக்கொள்ளுங்கள். கருவியில் அதற்குப் பொத்தான் இருக்கிறது, கௌரவம் பார்க்க வேண்டாம்.

அபூர்வம் வேண்டும் என்று அடம்பிடித்தால் 1950-ன் 'கைமோனோ பூகி'. ஷிசுகோ கசாகி பாடியது, ரியோஇச்சி ஹட்டோரி இசை. கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போன பெண் மீன் பெயர்களையும் காய்கறிப் பெயர்களையும் ஒசாகா வழக்கில் மூச்சுவிடாமல் அடுக்குகிறாள். இதை ஒழுங்காகப் பாடிவிட்டால் உங்களை யாரும் மறக்க மாட்டார்கள். பாதியில் நாக்கு புரண்டாலும் நஷ்டமில்லை, சிரிப்பு இன்னும் கூடும். ஒரு எச்சரிக்கை: வரிகளைத் தமிழில் எழுதிவைத்துப் படித்தால் எந்தக் 'க' வன்மையானது, எந்தக் 'க' மென்மையானது என்பது தெரியாமல் போகும். ஏதாவது குறி போட்டுக்கொள்ளுங்கள். குறில் நெடில் மட்டும் தமிழ் வாய்க்குத் தானாக வரும்.

கூத்தெல்லாம் ஓய்ந்தபின் பாட ஒன்று: ஹிரோமி ஓத்தா 1975-ல் பாடிய 'மோமென் நோ ஹன்காசீஃபு'. தகாஷி மட்சுமோத்தோ எழுதி, கியோஹேய் சுட்சுமி இசையமைத்தது. ஊரைவிட்டு நகரத்துக்கு ரயிலேறியவனும் ஊரிலேயே இருப்பவளும் மாறி மாறிப் பேசுகிறார்கள். என்ன வாங்கி அனுப்பட்டும் என்று அவன் கேட்க, ஒன்றும் வேண்டாம் என்கிறாள். கடைசியில் அவன் திரும்பி வரமாட்டேன் என்று சொன்னபிறகுதான் ஒரே ஒரு பொருள் கேட்கிறாள், கண் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை. மெட்டோ துள்ளிக்கொண்டு போகும். அந்த முரண்தான் பாட்டின் உயிர். தயவுசெய்து அழுகிற குரலில் பாடிக் கெடுக்காதீர்கள். அலுவலகப் பெண் யாராவது அவள் வரிகளை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஜோடிப் பாட்டே வேண்டுமென்றால் 'சன்னென்மே நோ உவாகி' இருக்கிறது, 1982. கள்ளத்தொடர்பில் மாட்டிக்கொண்ட கணவன் கல்யாணமான மூன்றாம் வருடத்துச் சின்னத் தப்புதானே என்கிறான், மனைவி விடவில்லை. அதை மேலாளரோடு பாடுவதா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

'அமாகி கோஏ' மாதிரியான என்கா, அதாவது உருக்கமான பழைய பாணிப் பாட்டுகள், பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். கமகம் தெரியும் என்று துள்ள வேண்டாம். அவர்களுடைய கோபுஷி என்னும் குரல் அசைவு வேறு கணக்கு. தவிரவும், அந்த வகைப் பாட்டுகளில் ஒன்று எப்போதும் உங்கள் மேலதிகாரியின் சொந்தப் பாட்டாக இருக்கும். அவர் பாடுவதற்கு முன்னால் நீங்கள் பாடிவிட்டால் அதைவிடப் பெரிய பிழை இல்லை. யாருடைய பாட்டு எது என்று முதல் தடவை சும்மா உட்கார்ந்து டாம்பரின் தட்டியபடி கவனியுங்கள். மதிப்பெண் போடும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள், அது கூச்சலுக்கு மார்க் தராது. ஒத்திகைக்கு வார நாள் பகலில் தனியாகப் போங்கள். கட்டணம் குறைவு. தனியாக வருபவரை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதும் இல்லை.