அப்லோட் செய்ததும் தமிழ் ஏன் உடைகிறது?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு சின்ன வலைத்தளம் செய்கிறேன். பக்கத்தை நோட்பேடில் எழுதி என் கம்ப்யூட்டரிலேயே குரோமில் திறந்தால் தமிழ் நன்றாகத் தெரிகிறது. சர்வரில் ஏற்றியதும் ஏதோ பிரெஞ்சு மாதிரி குப்பையாக வருகிறது. பழைய தலபுராண ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டிய பகுதியோ முழுக்க ஆங்கில எழுத்தாக இருக்கிறது. ஃபான்ட் போட்டுப் பார்த்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முதலாவதுக்கும் ஃபான்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஃபான்ட் இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான் வரும்.

அந்தக் குப்பையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தலையில் கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் வேறொரு குறி என்று திரும்பத் திரும்ப வரும். எல்லா மொழி எழுத்துகளையும் கம்ப்யூட்டரில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ‘த’ என்ற எழுத்து 3 பைட்டாகப் பதிவாகிறது. ‘தமிழ்’ என்றால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். மொத்தம் 15 பைட். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய விண்டோஸ்-1252 முறையில் பிரவுசர் இதைப் படித்தால், ஒவ்வொரு பைட்டையும் ஒரு தனி எழுத்தாக எடுத்துக்கொள்ளும். நல்ல வேளையாக உங்கள் ஃபைல் கெடவில்லை. படிக்கும் விதம்தான் தப்பு.

சரி, உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் எப்படி ஒழுங்காக வந்தது? டிஸ்க்கில் இருக்கும் ஃபைலைத் திறக்கும்போது, அது யூடிஎஃப்-8தானா என்று குரோம் தானே பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இணையம் வழியாக வரும் பக்கத்துக்கு அப்படிச் செய்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். அதனால் ஹெட் பகுதி தொடங்கியதுமே, டைட்டிலுக்கும் முன்னால், சார்செட் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடும் மெட்டா டேகைப் போடுங்கள். பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும் என்பது விதி. நீளமான ஸ்கிரிப்ட்டுக்குக் கீழே புதைத்துவிடாதீர்கள்.

அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் சர்வரைப் பாருங்கள். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போய், பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். முதல் வரியைச் சொடுக்கினால் ஹெடர்ஸில் ‘கன்டென்ட்-டைப்’ தெரியும். அங்கே ஐஎஸ்ஓ-8859-1 (இதுவும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய முறைதான்) என்று இருந்தால் உங்கள் மெட்டா டேக் செல்லாது. சர்வர் சொல்வதைத்தான் பிரவுசர் கேட்கும். யூடிஎஃப்-8 ஆக மாற்றித் தரும்படி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்களுக்கு அது ஒரு வரி வேலை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: பிரவுசரில் தெரியும் குப்பையை காப்பி செய்து ஃபைலில் ஒட்டி சேவ் செய்வது. அப்படிச் செய்தால் நல்ல ஃபைலும் கெட்டுவிடும். இதைவிட மோசம், தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாக மாறுவது. விண்டோஸ் 10-இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முந்தைய நோட்பேட், நாம் மாற்றாவிட்டால், தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில்தான் சேவ் செய்யும். எழுத்துகள் போய்விடும் என்று எச்சரிக்கும். அதைப் படிக்காமல் ஓகே கொடுத்தால் அவ்வளவுதான். கேள்விக்குறியானதை மீட்க வழியே கிடையாது, பேக்கப் வேண்டும். அதனால் சேவ் ஆஸ் போய், என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் பாருங்கள்.

இனி தலபுராணம். அது அநேகமாக பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தது. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் சின்ன எழுத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி இருந்தால் சந்தேகமே வேண்டாம், பாமினிதான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஃபான்ட் அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. அந்த ஃபான்ட்டையே தளத்தில் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பார்வைக்குத் தமிழாக இருக்கும், ஆனால் கூகுளில் கோயில் பெயரைத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது, பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் அதைத் தமிழாக வாசிக்காது.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (யூடிஎஃப்-8 பதிவது இந்தப் பொது எழுத்துக் குறியீட்டைத்தான்) மாற்றும் இலவசக் கன்வெர்ட்டர்கள் நிறைய உண்டு. மொத்தத்தையும் ஒரேயடியாகப் போடாமல் பத்தி பத்தியாக மாற்றுங்கள். நடுவில் வரும் ஆங்கிலப் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும்கூட கன்வெர்ட்டர் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். அவற்றை முதலிலேயே தனியே எடுத்து வைத்து, கடைசியில் கையால் சேர்த்துவிடுங்கள்.