எரிட்ரிக்கியம் நடுவில் அழுகுவது ஏன்?

கேள்வி: ஆல்ப்ஸ் மலைச் செடியான எரிட்ரிக்கியம் நானத்தைத் தொட்டியில் வளர்த்தேன். குளிர்காலத்தில் கண்ணாடிக் கூண்டு போட்டு மூடி வைத்தும், மெத்தை போல அடர்ந்து படரும் அதன் இலைத்தொகுதி நடுவில் பழுப்பாகி அழுகிவிட்டது. முன்பு வைத்த செடியும் இப்படித்தான் போனது. தவறு எங்கே? இந்தச் சின்னச் செடியை ‘ஆல்ப்ஸின் அரசன்’ என்று சொல்வது ஏன்?

பதில்: உங்கள் செடி குளிரால் சாகவில்லை, ஈரத்தால்தான் செத்தது. ஆல்ப்ஸில் சுமார் 2,500 மீட்டருக்கு மேல், சுண்ணாம்புச் சத்து இல்லாத பாறைகளின் வெடிப்புகளில் வளரும் செடி இது. உறைபனி அதற்குப் பழகிய விஷயம். ஆனால் அங்கே தண்ணீர் வேர்க்கழுத்தில், அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்தில், தேங்காமல் வடிந்துவிடும், காற்றும் ஓயாமல் வீசும். மூடிய கூண்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. காற்று அசையாமல் நிற்கிறது, கண்ணாடியின் உட்புறம் வியர்த்து மெத்தையின் மேலேயே சொட்டுகிறது.

இலையை ஒரு உருப்பெருக்கியில் பாருங்கள். நீண்ட வெள்ளி ரோமங்கள் அடர்ந்திருக்கும். மலை உச்சியில் கடும் வெயிலிலிருந்தும் உலர்காற்றிலிருந்தும் காப்பவை அவை. அசையாத ஈரக்காற்றிலோ அதே ரோமங்கள் நீர்த்துளியைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெத்தைக்குள் காய்ந்த பழைய இலைகள் உதிராமல் அடைந்து கிடப்பதால் சாம்பல் பூஞ்சணம் முதலில் அங்கேதான் பிடிக்கும். பழுப்பு மேலே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். எனவே ஒரே ஒரு இலைக்கொத்து நிறம் மாறினாலும் உலர்ந்த நாளாகப் பார்த்துச் சிறு இடுக்கியால் அதை அடியோடு எடுத்துவிடுங்கள். அந்தக் குழியில் காய்ந்த நுண்சரளையைத் தூவுங்கள். பூஞ்சணக்கொல்லியைக் கரைத்துத் தெளிப்பது கடைசி வழியாக இருக்கட்டும். அதுவும் மெத்தையை நனைக்கத்தானே செய்யும்?

அடுத்த செடிக்குக் கூண்டு வேண்டாம், கூரை போதும். தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடித் தகடு, நான்கு பக்கமும் திறப்பு. இலையுதிர்காலத்தின் ஈரம் தொடங்கும்போது போட்டுவிட்டு, வசந்தத்தில் வளர்ச்சி நன்றாகத் தெரிந்த பிறகு எடுக்கலாம். மழை அதிகமான இடமென்றால் ஆண்டு முழுவதும் இருந்தாலும் கெடுதல் இல்லை. காற்றே அசையாத மூலை என்றால் சிறிய மின்விசிறி ஒன்று வையுங்கள். எந்த மருந்தையும்விட அது அதிகம் காப்பாற்றும்.

தொட்டி சுடுமண்ணில், அகலத்தைவிட ஆழம் கூடியதாக இருக்கட்டும். ஆணிவேர் கீழ்நோக்கி ஓடும். கலவைக்கு 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள கருங்கல் சரளை அல்லது பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) 3 பங்கு, சலித்த இலைமக்கு 1 பங்கு. சுண்ணாம்புக்கல் சரளை கூடாது. வேர்க்கழுத்தைச் சுற்றி 2 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சரளை மட்டும் போட்டு, மெத்தை அதன்மேல் உட்காரும்படி நடுங்கள். பிறகு தொட்டியை விளிம்புவரை மணலில் புதைத்து, தண்ணீரை அந்த மணலுக்கு ஊற்றுங்கள். சுடுமண் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும், மெத்தையில் ஒரு துளியும் படாது. குளிர்காலத்தில் மணல் லேசான ஈரத்தில் இருந்தால் போதும். மொட்டு விடும்போது தாராளமாக ஊற்றலாம்.

உரத்தில் கை அடங்கியிருக்க வேண்டும். தழைச்சத்து கூடினால் மெத்தை பச்சைப்பசேலென்று தளர்ந்து மேலெழும்பும். பார்க்க அழகுதான், ஆனால் அந்தத் தளர்ந்த மெத்தைதான் அடுத்த ஈரத்தில் முதலில் அழுகும். சாம்பல்சத்து மிகுந்த திரவ உரத்தைக் கால்பங்கு வீரியத்துக்குக் கரைத்து, வசந்தத்தில் ஓரிரு முறை மணலுக்கு விட்டால் போதும். வெளிச்சக் குறைவும் மெத்தையை இப்படித்தான் தளர்த்தும். கோடையின் உச்சிவெயில் நேரத்துக்கு மட்டும் மெல்லிய நிழல் கொடுங்கள். இந்தச் செடி குளிரைத் தாங்கும் அளவுக்குச் சூட்டைத் தாங்காது. தண்ணீர் விட்டும் மெத்தை வாடினால் வேரைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி.

இனி, அரசன் என்ற பட்டம். சில சென்டிமீட்டரே உயரமுள்ள மெத்தை, பூக்கும் நாளில் இலையே தெரியாதபடி வான்நீலப் பூக்களால் மூடிவிடும். ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு மஞ்சள் கண். வேறு செடிகள் அதிகம் ஏறாத உயரத்தில் இந்த நீலம். ஜெர்மன் மொழியில் இதற்கு ‘வானத்தின் கட்டியக்காரன்’ என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு; நம் கணிப்பில் அதுவே இன்னும் பொருத்தம். நினைவு, மாறாத அன்பு என்று இதன்மேல் ஏற்றப்படும் பொருள்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஃபர்கெட்-மீ-நாட் பூவிடமிருந்து வந்தவை. அலாஸ்கா 1917-இல் தன் சின்னமாக ஏற்றதும், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மக்கள் ஜூலை 1 அன்று போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்வதும் அந்தப் பூதான். அது தண்டு நீண்டு சாதாரணத் தோட்டமண்ணிலும் வளரும். விதை உறையில் ‘ஆல்பைன் ஃபர்கெட்-மீ-நாட்’ என்று மட்டும் இருந்தால் லத்தீன் பெயரையும் பார்த்து வாங்குங்கள்: மயோசோட்டிஸ் என்றால் அது ஃபர்கெட்-மீ-நாட், வேறு செடி.

மலையிலிருந்து பெயர்த்த செடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாறை வெடிப்பிலிருந்து வேர் முழுதாக வராது; சில மாதம் பச்சையாக இருந்துவிட்டுச் செத்துப்போகும். மலையிலும் ஒரு செடி குறையும். ஆல்பைன் கார்டன் சொசைட்டி, ஸ்காட்டிஷ் ராக் கார்டன் கிளப் போன்ற மலைச்செடி வளர்ப்போர் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு விதைப் பரிமாற்றம் நடத்துகின்றன. விதையைக் குளிர்காலத் தொடக்கத்தில் தூவி, 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு நுண்சரளையால் மூடி, தொட்டியை வெளியிலேயே உறைபனி படும்படி விடுங்கள். உறைபனி இல்லாத ஊரென்றால் ஈரமணலில் கலந்து குளிர்பெட்டியில் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் 6 வாரம் வைத்துவிட்டு விதைக்கலாம். விதையிலைகளுக்கு அடுத்து இரண்டு உண்மையிலை வந்ததும் மாற்றி நடுங்கள். தாமதித்தால் ஆணிவேர் அறுபடும்.

நன்றாகப் பராமரித்தாலும் தொட்டியில் இதற்கு ஆயுள் குறைவு. ஒரே செடியை நம்பாமல், இரண்டு மூன்று வைத்து, பூக்கும்போது மெல்லிய தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் தடவி, ஆண்டுதோறும் விதை எடுத்து அந்தக் குளிர்காலத்திலேயே விதைத்துவிடுங்கள்.