அலாரம் அடிக்கிறது, மாத்திரை மட்டும் போடுவதில்லை

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மனச்சிதைவு நோய்க்குப் பத்து வருடமாக மருந்து சாப்பிடுகிறான். இரவு 9 மணி மாத்திரையைத் தினமும் மறக்கிறான், மோட்டார் போட்டால் டேங்க் வழிந்து பக்கத்து வீட்டில் கத்தும்வரை அணைப்பதில்லை. 71 வயது அப்பாவும் மறக்கிறார். இரண்டும் ஒன்றா, இல்லை தம்பி வேண்டுமென்றே செய்கிறானா?
- பெரம்பூர் வாசகி

பதில்: வேண்டுமென்றே இல்லை, அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நேற்று நடந்தது ஞாபகம் இருப்பது ஒன்று, இனி செய்ய வேண்டியது சரியான நேரத்தில் தானாக ஞாபகம் வருவது வேறு. குரல் கேட்பது, சந்தேகப்படுவது எல்லாம் அடங்கின பிறகும் மனச்சிதைவில் இந்த இரண்டாவது பலருக்குத் தகராறு செய்யும், அதிலும் "9 மணிக்கு", "20 நிமிஷம் கழித்து" என்று கடிகாரத்தை நம்பிய வேலைகளில்தான் அதிகம், ஏனென்றால் நடுவில் மணி பார்க்கத் தோன்றுவதே குறைவு. டேங்க் வழிவது அதனால்தான்.

அப்பா கதை வேறு. ஆய்வகச் சோதனைகளில் வயதானவர்கள் இளைஞர்களைவிடப் பின்தங்குகிறார்கள், ஆனால் சொன்ன நாளில் போன் செய்வது போன்ற அன்றாட வேலைகளில் பல சமயம் முந்திவிடுகிறார்கள். ஆய்வாளர்களே குழம்பிய விஷயம் இது. காலண்டரில் குறித்துவைக்கும் பழக்கம் கைகொடுக்கிறது என்பது என் எண்ணம். மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று இரண்டாவது தடவை போட்டுவிடுவாரோ என்பதுதான் கவலை, அதற்குக் கிழமை போட்ட மாத்திரை டப்பா போதும், செவ்வாய்க் கட்டம் காலி என்றால் பேச்சே இல்லை. தெரிந்த தெருவிலேயே வழி தவறினால் மட்டும் வயசு என்று விடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

தம்பிக்கு அலாரம் வைத்திருப்பீர்கள். அடிக்கும்போது கையில் மொபைல் இருக்கும், "இதோ" என்று அணைப்பார், அவ்வளவுதான். அலாரம் நேரத்தைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. அதனால் மணியை விட்டுவிட்டு ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள்: "தட்டைக் கழுவி வைத்ததும் மாத்திரை போடுவேன்." அவரே வாய்விட்டு நாலு தடவை சொல்லட்டும், டப்பா தட்டு ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய "இது நடந்தால் இதைச் செய்வேன்" முறைதான் இது. மோட்டாருக்கு ஞாபகசக்தியை நம்பவே வேண்டாம், எலக்ட்ரீஷியனை வைத்து ஆட்டோ கட்-ஆஃப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், கை நடுக்கத்துக்காக டிரைஹெக்ஸிஃபெனிடில் சாப்பிடுகிறாரா? அதுவே ஞாபகத்தை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையோ, அண்ணா நகர் ஸ்கார்ஃப் மனநல மையமோ, எங்கே காட்டினாலும் அடுத்த முறை போகும்போது இதைக் கேளுங்கள், கூடவே தினசரி மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஒரு முறை போடும் ஊசி அவருக்கு ஒத்துவருமா என்றும் கேளுங்கள்.